தருமரின் தேரும் தாத்தாவின் காரும்

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் மகாபாரதம் சொல்லிக்கொண்டிருந்தேன். பகாவ் பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோவில் மண்டபம். பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து பல வருசமாகிவிட்டது. லயத்தில் இருக்கும் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் கோவில் இருக்கிறது, பக்கத்துத் தாமான்களிலிருந்து பதினைந்து பிள்ளைகள் வருகிறார்கள், நானும் சிரம்பானிலிருந்து வருகிறேன்.

அன்றைக்குத் துரோணர் வதம். அவரை எப்படி வீழ்த்துவதென்று தெரியாமல் பாண்டவர்கள் தவிக்கிறார்கள். பீமன் அசுவத்தாமன் என்ற பெயருள்ள யானையைக் கொன்றுவிட்டு, அசுவத்தாமன் செத்தான் என்று கத்துகிறான். மகன்தான் போனானோ என்று பதறிய துரோணர், பொய்யே சொல்லாத தருமரிடம் கேட்கிறார். தருமர் 'அசுவத்தாமன் இறந்தான்' என்று உரக்கச் சொல்லி, 'யானை' என்பதை மட்டும் வாய்க்குள்ளே முணுமுணுக்கிறார். அதுவரை மண்ணைத் தொடாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய அவர் தேர் அந்த நேரமே தரையில் இறங்கிவிடுகிறது.

ஐந்தாம் ஆண்டு படிக்கிற ஒரு பையன் கையைத் தூக்கினான். "சார், யானை பேரும் அசுவத்தாமன்தானே? அது செத்தது உண்மைதானே? அப்புறம் ஏன் சார் தேரு இறங்கிச்சு?"

"கேக்குறவரு என்னா நெனைப்பாருன்னு தெரிஞ்சேதான் அவரு அப்படிச் சொன்னாரு. அதனாலதான்" என்றேன். பையன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். எனக்குத்தான் அதற்குப் பிறகு பாடம் ஓடவில்லை. சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. அதில் என் தாத்தாவின் கார் ஓடிக்கொண்டிருந்தது, தரையிலிருந்து நாலு விரல் இல்லை, நாலு முழம் உயரத்தில்.

தாத்தா வைத்திருந்தது ஒரு மோரிஸ் மைனர். கரும்பச்சை நிறம், நான்கு கதவு. இப்போது மாமா வீட்டுத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு கதை உண்டு. அவசரகாலத்தில், 1951இல், தோட்டத்துச் செம்மண் சடக்கில் கம்யூனிஸ்டுகள் துரையின் காரை மறித்துச் சுட்டார்களாம். டிரைவராக இருந்த தாத்தா நிறுத்தாமல் ஓட்டித் துரையின் உயிரைக் காப்பாற்றினாராம். துரை சீமைக்குத் திரும்பும்போது, "இது உன் கார்" என்று சாவியைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

பழைய கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். பலர் நம் ஆட்கள், மலாய், சீன நண்பர்களும் உண்டு. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவுக்கே இன்றைக்குப் 'பழைய கார்' மரியாதை கிடைக்கிறது, அப்படியிருக்க மோரிஸ் மைனரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போன வருசம் தீபாவளிக்கு முந்தின இரவு, காரின் படத்தையும் தாத்தாவின் படத்தையும் சேர்த்துப் போட்டு, கதையை உருக்கமாக எழுதி அனுப்பினேன். விடிவதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. 'நம் பாட்டன்மாரின் வீரம்' என்று ஒருவர் தலைப்பு வைத்தார். பின்பக்க மட்கார்டில் இருந்த துருப்பிடித்த ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'குண்டு துளைத்த இடம்' என்று ஒருவர் எழுதினார். மூன்றாவது வாரம், பிரேசர் மலைக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்குக் காவலாகப் போன கார் இதுதான் என்று யாரோ எழுதிவிட்டார்கள். கர்னி கொல்லப்பட்டது 1951 அக்டோபர் 6ஆம் தேதி. அவர் போனது ரோல்ஸ் ராய்ஸில். எங்கள் தோட்டத்துக்கும் பிரேசர் மலைக்கும் நடுவே எத்தனை மைல்! நான் சிரித்தேன். ஆனால் மறுத்து எழுதவில்லை. சிவப்பு வட்டத்தையும் மறுக்கவில்லை. அது துரு என்று எனக்கு நன்றாகவே தெரியும், சின்ன வயதில் அதற்குள் விரலை விட்டுக் கையைக் கிழித்துக்கொண்டவனே நான்தான்.

உண்மை எனக்குத் தெரிந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. முன்கண்ணாடி ரப்பர் வாங்குவதற்காக எந்த வருச மாடல் என்று பார்க்கப் போனேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மோரிஸ் மைனர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. (பின்னாளில் மினி காரைக் கொடுத்தவரும் இவரே.) தொடக்கக் கால வண்டிகளில் முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பி வைத்து இரண்டு துண்டாக இருக்கும். 1956இல் 'மைனர் 1000' வந்த பிறகுதான் வளைந்த ஒரே கண்ணாடி வந்தது. எங்கள் காரில் இருப்பது ஒரே கண்ணாடி. கதவுத் தூணிலிருந்து கை நீட்டுவது போல வெளியே வரும் பழைய சிக்னல் 1961 வரை இருந்தது, பிறகு மினுக்கு விளக்கு வந்தது. எங்கள் காரில் அந்தக் 'கை' இன்னும் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும். ஆகக்கூடி இந்த வண்டி பிறந்தது 1956க்கும் 1961க்கும் இடையில். 1951இல் எந்தக் குண்டுக்கும் இது குறுக்கே வந்திருக்க முடியாது.

இருந்தாலும் மாமா வீட்டு இரும்புப் பெட்டியில் கிடந்த கிராண்ட் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பதிவு 1958. முதல் சொந்தக்காரர் சிரம்பான் பட்டணத்து ஆள். இரண்டாவது பெயரும் பட்டணத்து ஆள்தான். மூன்றாவது வரியில், 1974இல், என் தாத்தாவின் பெயர். துரை எந்த வரியிலும் இல்லை.

தெரிந்த அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'கதையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், யாருக்கு என்ன நட்டம்' என்று இருந்துவிட்டேன். நானாகப் புதிதாக எந்தப் பொய்யும் சொல்லவில்லை என்று மனசுக்குள் ஒரு வாதம் வேறு. யானையின் பெயரும் அசுவத்தாமன்தானே!

எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சந்தேகமும் பல சமயம் அரைகுறையாக இருக்கும். சப்பான்காரன் வருவதற்கு முன்பே தன் பாட்டனார் மோரிஸ் மைனர் ஓட்டினார் என்று அதே குழுவில் ஒரு பெரியவர் எழுதினார். "1948க்கு முன்னால ஏது மோரிஸ் மைனர்?" என்று நான் பாய்ந்து கேட்டேன். 1928 முதல் 1934 வரை அதே பெயரில் வேறொரு சின்னக் கார் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னொன்று: கார் ஒல்லியாகத் தெரிகிறது என்று இஸிகோனிஸ் மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுத்து, நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்து, அதையே இறுதி அளவாக்கினார் என்று ஒரு கதை உலவுகிறது. புளுகு என்றுதான் நினைத்தேன். ஆனால் அது உண்மை. பானெட்டின் நடுவில் ஓடும் அந்தப் பட்டை, அகலப்படுத்தியதன் அடையாளம். நம்ப முடியாதது மெய்யாக இருக்கலாம், நம் மனசுக்கு நெருக்கமானது பொய்யாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே தராசுதான், அந்தத் தராசை நம் சொந்தச் சரக்குக்கு எடுக்கும்போது மட்டும் நம் கை நடுங்குகிறது.

'யாருக்கு என்ன நட்டம்' என்றேனே, அதற்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் ஓர் அண்ணன் இருந்தார். வயதில் மூத்தவர், நல்ல தமிழ் எழுதுவார். என் தாத்தா கதைக்கு நீளமாகப் பாராட்டு எழுதியவர் அவர்தான். அதைப் படித்து என் அம்மா அழுதுவிட்டார். ஒருநாள் ரந்தாவ்காரத் தம்பி ஒருவன், புதிதாக மோரிஸ் வாங்கியவன், பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறது, என்ன ஊற்றலாம் என்று கேட்டான். அண்ணன் பதில் போட்டார்: "பழைய வண்டிக்கு இதெல்லாம் பாக்க வேணாம் தம்பி. எந்த ஹைட்ராலிக் எண்ணெயும் போதும்."

நான் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியன். ஹைட்ராலிக்தான் எனக்குச் சோறு போடுகிறது. பிரேக்குக்கு ஊற்றுவது கிளைக்கால் கலந்த தனித் திரவம். மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த கனிம எண்ணெய் அதற்குள் போகவே கூடாது. காரணம் ரப்பர். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களில் கனிம எண்ணெய் பட்டால், ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பிவிடும். அந்தக் காலத்து வண்டிகளில் இருந்ததோ இயற்கை ரப்பர், நம் ஆட்கள் விடியற்காலையில் சீவி எடுத்தார்களே, அந்தப் பால். வளையம் உப்பினால் பிஸ்டன் திரும்பி வராது, பிரேக் பிடித்தபடியே நிற்கும், சூடேறும், கடைசியில் கைவிட்டுவிடும். தோட்டக்காட்டில் பிறந்தவனுக்கு ரப்பரைப் பற்றி இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா?

அண்ணனின் பதிலைப் பார்த்தேன். தப்பு என்று அடுத்த கணமே தெரிந்தது. விரல் எழுத்துப் பலகை வரைக்கும் போனது. ஆனால் அவர் பெரியவர், நாலு பேர் முன்னால் எப்படித் திருத்துவது? அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று இருந்தது, அன்று அதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை. என் கதையைக் கேள்வி கேட்காமல் மாலை போட்டவர் அவர். அவர் சொன்னதை நான் கேள்வி கேட்டால், நாளைக்கு என் கதையை அவர் கேட்கமாட்டாரா? கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மூன்று வாரத்தில் செய்தி வந்தது. லிங்கி போகும் வழியில் ஒரு வளைவில் தம்பியின் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி செம்பனைக் காட்டுக் கால்வாயில் இறங்கியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது, அம்மன் புண்ணியத்தில் அதோடு போயிற்று. பக்கத்து இருக்கையில் அவன் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான், ஆறு வயது. பையனுக்கு ஒரு கீறலும் இல்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு முன்பே தெரியும் என்பதை அவனிடம் அன்று சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்புதான் சொன்னேன்.

பொய்ச் செய்தி பரவுவதற்கு அறியாமைதான் காரணம் என்று மேடையில் பேசுகிறோம். எங்கள் குழுவில் அறியாமை குறைவு. மெக்கானிக் உண்டு, இன்ஜினியர் உண்டு, கார்பரேட்டரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பவரும் உண்டு. அந்தப் பதிலைப் படித்த பலருக்கும் அது தப்பென்று தெரிந்திருக்கும். எல்லாரும் பேசாமல் இருந்தோம். நீ என் பாட்டனைப் புகழ்ந்தாய், நான் உன் வைத்தியத்தைத் தடுக்கமாட்டேன். மொய் எழுதுகிற மாதிரிதான் இதுவும், ஒருவர் வைத்த மொய்யை இன்னொருவர் திருப்பி வைத்தே ஆகவேண்டும். மரியாதை என்று இதற்குப் பெயர் சொல்லிக்கொள்கிறோம்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது, அங்கே மொய் மட்டும் பெரிது. பழைய கார்க்காரர்கள் அடிக்கடி ஏங்குகிற ஈயப் பெட்ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் இடிக்காது என்று 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். 1924இல் நியூ ஜெர்சி ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். அதே அக்டோபரில் மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன் அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, ஒரு நிமிடம் மோந்து காட்டி, ஆபத்தில்லை என்றார். ஈய நஞ்சால் தாமே பாதிக்கப்பட்டு அதற்கு முந்தின வருசம் ஓய்வெடுத்தவர் அவர். உலகம் அதை நம்பியது. கடைசி நாடாக அல்ஜீரியா ஈயப் பெட்ரோலை நிறுத்தியது 2021இல், கிட்டத்தட்ட நூறு வருசம். எங்கள் குழுவில் இன்றைக்கும் ஒருவர், ஈயம் போனதால்தான் பழைய எஞ்சின்கள் சாகின்றன, டாங்கியில் பாச்சை உருண்டை போடுங்கள் என்று எழுதுகிறார். ஈயம் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது மெய்தான். அந்த இடத்தில் கெட்டியான உலோக வளையம் போட்டுவிட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது. பாச்சை உருண்டை துணிப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

கால்வாயில் விழுந்த காரைப் பார்த்த பிறகாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். பிரேக் எண்ணெயைப் பற்றி எழுதினேன், தாத்தா கதையைப் பற்றி எழுதவில்லை. அதற்குள் மாமா காரை விற்க முடிவு செய்திருந்தார்.

மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, 38,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். அந்த நிலையில் இருக்கிற மோரிஸுக்குச் சந்தையில் 20,000 கிடைத்தாலே பெரிது. மீதி 18,000 எதற்கு? தாத்தாவின் வீரத்துக்கும், குண்டு ஓட்டைக்கும், துரை கொடுத்த சாவிக்கும், நான் எழுதிய உருக்கத்துக்கும். வாங்குபவர் நம் ஆள்தான். தன் தாத்தாவும் தோட்டத்து ஆள், அந்த நினைவுக்காகவே வாங்குவதாகச் சொன்னார்.

மகாபாரத வகுப்பு எடுத்தது அந்த வாரத்தில்தான். பையன் கேட்ட கேள்வியோடு நேரே மாமா வீட்டுக்குப் போனேன். புத்தகத்தைக் காட்டினேன், கண்ணாடியைக் காட்டினேன். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னடா, காயிதத்த வச்சு எங்கப்பாவ அளக்குறியா? அந்தக் காலத்துக் காயிதம் யாருடையது? தொரையுடையது. செக்ரோல்ல நம்ம ஆளுங்க பேரையே ஒழுங்கா எழுத மாட்டானுங்க. சயாம் ரயிலுக்குப் போயிச் செத்தவனுங்க எத்தன பேருக்குக் காயிதம் இருக்கு? வாயால சொன்னதுதாண்டா நம்ம கிட்ட இருக்குற ஒரே சொத்து."

இந்த வாதத்துக்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. சயாம் மரண ரயில் போட இங்கிருந்து கொண்டுபோன தமிழர்களின் கதை பெரும்பாலும் வாய்வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. ஏட்டில் இல்லாததெல்லாம் பொய் என்று ஒரு தோட்டத்துப் பிள்ளை சொன்னால், அவன் தன் பாட்டியையே பொய்க்காரி ஆக்குகிறான். ஆனால் முன்கண்ணாடி துரையின் காயிதம் இல்லையே. அது தொழிற்சாலையில் வார்த்த கண்ணாடி, வெள்ளைக்காரன், கறுப்பன் என்று பார்க்காது. வாய்வழிக் கதைக்கு நாம் கேட்கிற மரியாதை நிலைக்க வேண்டுமானால், சரிபார்க்க முடிந்த இடத்தில் நாமே முதலில் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்குச் சயாம் கதையையும் 'இவனுங்க மோரிஸ் கதை மாதிரிதான்' என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போவான்.

மாமா அடுத்துத் திருவள்ளுவரைக் கூப்பிட்டார். "நல்லது நடக்கும்னா பொய்யும் உண்மைக்குச் சமம்னு அவரே சொல்லியிருக்காருல்ல? பிள்ள படிக்கிறது நல்லதில்லயா?" வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் அப்படி ஓர் இடம் விடுகிறார் என்பது சரிதான். ஆனால் அந்த நன்மை குற்றமில்லாததாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறார். யாருக்கும் தீங்கு வராத சொல்தான் வாய்மை என்பதும் அவர் வைத்த இலக்கணம்தான். அந்தக் கோலாலம்பூர்க்காரர் இழக்கப் போகும் 18,000 வெள்ளி யாருடைய பிள்ளையின் படிப்புப் பணம்? இதைச் சொன்னதும் மாமா முகம் மாறிவிட்டது. "அப்ப நான் திருடனா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அத்தை கொண்டுவந்த தேநீரை நான் மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

கடோபநிடதத்தில் நசிகேதன் என்ற சிறுவன் வருகிறான். எல்லாவற்றையும் தானம் செய்யும் வேள்வி என்று சொல்லிவிட்டு அவன் அப்பா கொடுப்பதோ கறவை வற்றின கிழட்டு மாடுகள். பார்த்துக்கொண்டிருந்த பையனால் பொறுக்க முடியவில்லை. "இப்படியெல்லாம் கொடுக்கலாமா?" என்று அவன் கத்தவில்லை. "அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்று கேட்கிறான். அப்பா பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்கிறான், மூன்றாம் முறையும் கேட்கிறான். கோபத்தில் அப்பா, "எமனுக்குக் கொடுக்குறேன் போ" என்கிறார். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று நம்மை வளர்க்கிறார்கள். ஆனால் நம் உபநிடதம் ஒன்று தொடங்குவதே, பெரியவர் செய்த தப்பைப் பொறுக்காமல் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில்தான். அப்பாவை நாலு பேர் முன் அவமானப்படுத்தாமல், தன்னையும் அந்தக் கணக்கில் ஒரு பொருளாக வைத்து அவன் கேட்டதைக் கவனிக்க வேண்டும். நான் மாமாவிடம் அப்படிக் கேட்கவில்லை. கணக்குப் பிள்ளை மாதிரி கேட்டேன். கதையைப் பரப்பியவன் நான், 38,000 என்ற விலையை உண்டாக்கியவனும் நான். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வாரம் இன்னொரு வேலையும் செய்தேன். லயத்தில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார், தாத்தாவோடு பிரட்டுக்கு நின்றவர். "பாட்டி, தாத்தா தொரை கார ஓட்டும்போது சுட்டாங்களா?" என்று கேட்டேன். "காரா? அவருக்கு ஏது காரு அப்ப? பால் லாரி ஓட்டுனாரு. சுட்டது லாரிய. தொரை எங்க இருந்தாரு அதுல? ரெண்டு மூணு பால் எடுக்குற ஆளுங்கதான் பின்னால உக்காந்திருந்தாங்க. நிறுத்தாம வந்துட்டாரு. மறுநாளு காலையில பிரட்டுக்கு வந்து நின்னாரு." சரி, கார்? "அது ரொம்ப நாளைக்கப்புறம். உங்க அப்பாயி தாலிக்கொடிய அடகு வச்சு, கூட்டுப் பணம் எடுத்து வாங்குனது. தோட்டமே வந்து பாத்துச்சு."

பாட்டி சொல்வதும் வாய்வழிக் கதைதான். அவருக்கும் வயதாகிவிட்டது. இதற்குச் சாட்சியாக ஒரு கண்ணாடியும் என்னிடம் இல்லை, கடைசிப் பகுதி மட்டும் 1974 என்ற வரியோடு பொருந்துகிறது. ஆனால் அன்றிரவு எனக்கு உறைத்தது வேறொன்று. நாங்கள் இத்தனை வருசமாகப் பெருமையோடு சொன்ன கதையில் கொடுக்கிற கை துரையுடையது, வாங்குகிற கை தாத்தாவுடையது. அவர் காப்பாற்றியதும் துரையை, அவருக்குக் கிடைத்ததும் துரையின் பரிசு. லாரியின் பின்னால் உட்கார்ந்திருந்த நம் ஆட்களை யாரும் கதையில் சேர்க்கவில்லை. தாலிக்கொடி கழற்றிக் கொடுத்த அப்பாயியையும் சேர்க்கவில்லை. ஒரு தோட்டத்துத் தொழிலாளி தன் காசில் கார் வாங்கினான் என்பதைவிட, வெள்ளைக்காரன் கொடுத்தான் என்பதுதான் நமக்கு நம்பும்படியாக இருந்திருக்கிறது.

குழுவில் எழுதினேன். துரு ஓட்டை, முன்கண்ணாடி, 1958, 1974, எனக்குத் தெரிந்தும் இரண்டு மாதம் மூடி வைத்தது, பிரேக் எண்ணெய் விசயத்தில் வாய் மூடியிருந்தது, எல்லாவற்றையும். பாட்டி சொன்னதை, 'இது பாட்டி சொன்னது, சரிபார்க்க வழியில்லை' என்ற குறிப்போடு எழுதினேன். எழுதுவதற்கு முன் மாமாவுக்குப் போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. வாங்க வந்தவருக்குத் தனியாகச் சொன்னேன்.

முதல் பதிவு எங்கெங்கோ போனதே, இது அந்தக் குழுவைத் தாண்டவில்லை. சிவப்பு வட்டம் போட்ட படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, போன மாதம்கூட ஒரு சொந்தக்காரர் எனக்கே அனுப்பினார். 'சொந்தப் பாட்டனைச் சந்தியில் நிறுத்திவிட்டாய்' என்று எழுதிவிட்டு அண்ணன் குழுவைவிட்டுப் போனார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது, நல்ல மனுசர்தான் அவர். வாங்க வந்தவர் 21,000 என்றார். மாமா கொடுக்கவில்லை. தங்கச்சி பிடிபிடிஎன் கடன் எடுத்துப் படிக்கிறாள், கட்டி முடிக்கப் பல வருசம் ஆகும். அந்தக் கடனைப் பார்க்கும்போதெல்லாம், நான் பேசாமல் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்கிறது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரையும் இன்னொரு வாட்ஸ்அப் பதிவாகிவிடும்.

நான்கு மாதம் மாமா என்னோடு பேசவில்லை. கோவில் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது. நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை.

"மாஸ்டர் சிலிண்டர் ரப்பர மாத்திட்டேன். எந்த எண்ணெய்டா ஊத்தணும்?"

சொன்னேன். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினார். சரியான எண்ணெய்தான்.

"சரி, இரு. வைக்காத" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கொட்டகைத் தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் புத்தகத்துல அப்பா பேரு இருக்குற பக்கம் போட்டோ புடிச்சியே, அத எனக்கு அனுப்பு."